மஞ்சள் கேட்டவர்கள்

அந்தக் கூடையைக் கண்டாலே எனக்கு ஆகாது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஃபிஜித் தீவில் லவுட்டோகாவில் எங்கள் கோயில் வாசலில், தகரக் கொட்டகையின் கீழே பத்துக் கூடைகள் வரிசையாக இருக்கும். பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். எதிலும் கை வைத்துப் பொறுக்கக் கூடாது, இதற்குப் பதில் அதைக் கொடு என்று கேட்கவும் கூடாது. வயல் அந்த வாரம் என்ன கொடுத்ததோ அதைப் பத்தாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அவரவர் கூடையை எடுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு போகிறவள் இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு அது. சுவாவில் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து, எங்களைப் போல இந்திய வம்சத்தில் வந்த பிரதமரையும் கூட இருந்தவர்களையும் பிடித்து வைத்திருந்தார்கள். கடைகளை உடைத்தார்கள், எரித்தார்கள். மேற்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அந்த அளவுக்கு எதுவும் எரியவில்லை. ஆனாலும் துறைமுகத்தில் நான் எழுத்தராக இருந்த கப்பல் கம்பெனியில் பாதி நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவன் என் முகத்துக்கு நேராக, உன் நாட்டுக்குப் போ என்றான். என் பாட்டனார் மதராஸில் கப்பல் ஏறி, கரும்பு வெட்ட ஃபிஜிக்கு வந்தவர். நான் பிறந்தது லவுட்டோகா ஆஸ்பத்திரியில். அவனும் அங்கேதான் பிறந்திருப்பான். அதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அந்தக் கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் சுமந்து திரிந்தேன். பிறகு கூடையின் மேல் கொட்டினேன்.

கூடை எங்கள் கோயில் மாதர் சங்கத்துத் தலைவியின் யோசனை. டவுனுக்கு வெளியே லோவுவில் ஒரு கரும்பு விவசாயி இருந்தார், நம்மவர். அந்த வருஷம் கரும்பு வெட்டுவதையே தள்ளிப் போட்டிருந்தார்கள். வெட்டினாலும் ஆலை எடுக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஓடைக்கரையில் இருந்த இரண்டு ஏக்கர் கரும்பை அவர் அழித்துவிட்டுக் காய்கறி போட்டார். டவுனில் இருக்கிற பத்துக் குடும்பம் பருவத் தொடக்கத்திலேயே பணம் கொடுத்துவிட வேண்டும், விளைவதில் பத்தில் ஒரு பங்கு வாரா வாரம் கோயில் வாசலுக்கு வரும். விளைந்தால் எல்லாருக்கும் விளைந்தது, அழுகினால் எல்லாருக்கும் அழுகினது. தலைவி இதை ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நம் மண்ணில் விளைவதை நாம் சாப்பிடுவோம், நாம் ஒருவருக்கொருவர் துணையாக நிற்போம் என்று குரல் தழுதழுக்கப் பேசினாள். எல்லார் முன்னாலும் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சேர்ந்தேன்.

கூடைகளைக் கேரியர் என்கிற சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வருவது அந்த விவசாயியின் மனைவி. ஒல்லி உடம்பு, தலையில் ஆம்பளைத் தொப்பி, யாரையும் மதிக்காத வாய். முதல் வாரம் கத்திரிக்காய். இரண்டாம் வாரம் கத்திரிக்காய். மூன்றாம் வாரம் கூடையை மூடியிருந்த இலையை விலக்கிப் பார்த்துவிட்டு நான் பொங்கிவிட்டேன்.

"என்னாக்கா இது? போன வாரமும் பைங்கன், அதுக்கு முந்துன வாரமும் பைங்கன். எங்க வீட்ல யாரு திங்கிறது?"

"செடி காய்க்குது. நிறுத்துன்னு செடிக்கு ஆர்டர் போடவா?" என்றாள் அவள். "நீ ஆபீஸ்காரிதானே? ஒரு லெட்டர் அடிச்சுக் குடு. கொண்டுபோய் செடிகிட்ட காட்டுறேன்."

கொட்டகையே சிரித்தது. என் மூக்கு உடைந்ததில் சங்கத் தலைவிக்குத்தான் அதிக சந்தோஷம். அடுத்த வாரம் பாகற்காய் வந்தபோது, ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கொட்டகையிலேயே எடுத்து வைத்துவிட்டு வந்தேன். அதற்கடுத்த வாரம் என் கூடையில் அடியில் அதே பாகற்காய்கள், பழுத்து வெடித்து, எறும்பு மொய்த்துக்கொண்டு கிடந்தன. அவளைத் தேடினேன். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டாள். அன்று முதல் எனக்கு பஸ் நிலையத்துக்காரன் மேலும் துப்பாக்கிக்காரர்கள் மேலும் இருந்த ஆத்திரமெல்லாம் சேர்ந்து அவள் ஒருத்தியின் மேல் வந்து உட்கார்ந்தது. அவளைத் திட்டுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை பாருங்கள்.

இதற்குள் என் வீட்டுக்காரர் பிரிஸ்பேனுக்குப் போக மனு போட்டிருந்தார். அவர் எலக்ட்ரீஷியன். அந்தத் தொழிலுக்கு அங்கே கிராக்கி இருந்தது. மனுவை அனுப்பிய அன்று அவர் எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டார்.

"யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. உன் தங்கச்சிகிட்டக்கூட."

அந்த வருஷங்களில் எல்லார் வீட்டிலும் இதே கட்டளைதான். போகிறவர்கள் போகிற நாள் வரைக்கும் சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று பயம். அதைவிடப் பெரிய பயம் மொட்டைக் கடிதம். எங்கள் தெருவில் ஒருவர் தனக்கு விசா வரப்போகிறது என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். யாரோ தூதரகத்துக்கு அவரைப் பற்றிக் கையெழுத்தில்லாமல் எழுதிப் போட, அவருடைய காகிதம் அப்படியே நின்றுபோனது. அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஆளைக் காணோம். ஜன்னல் திரைகூடக் கழற்றவில்லை. கொடியில் ஒரு துண்டு ஒரு வாரம் காய்ந்துகொண்டிருந்தது.

செப்டம்பரில் நடுகை நாள் வந்தது. மழைக்கு முன்னால் அடுத்த வருஷத்துக்கான பாத்திகளைப் போட வேண்டும். அந்த விவசாயி வீட்டில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். பங்குக்காரர்கள் பத்துப் பேரும் வயலுக்கு, அங்கத்துப் பேச்சில் கேத்துக்கு, வர வேண்டும், ஆளுக்கு ஒரு பாத்தியில் என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும், முதல் விதையை அவரவர் கையாலேயே ஊன்ற வேண்டும். நான் பஸ் பிடித்து, வெயிலில் ஒரு மைல் நடந்து, செருப்பெல்லாம் சிவப்பு மண்ணோடு போய்ச் சேர்ந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் மூடிட்டாங்களா?" என்றாள்.

அவள் புருஷன் அதிகம் பேசாத மனுஷன். பேசினாலும் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். அன்றைக்கு எங்கள் எல்லாரையும் மாமரத்தடியில் உட்கார வைத்தார்.

"ஆக்லாந்துல எங்க மக இருக்கா. எங்களைக் கூப்பிட்டுக்க பேப்பர் அனுப்பிருக்கா. டிசம்பருக்குள்ள கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பணும். அதுக்கப்புறம் அது செல்லாது" என்றார். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். "எனக்குப் போக இஷ்டம் இல்ல. இவளுக்கும் இல்ல. உங்கள்ல ஒரு ஆறு பேரு அடுத்த வருஷமும் இருப்பீங்கன்னா கேத் ஓடும், நாங்க இங்கியே இருந்துடுவோம். இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

யாராவது நான் போகிறேன் என்று பத்துப் பேர் நடுவில் சொல்வார்களா? ஆனால் ஒவ்வொருவரும் எந்தப் பயிரைக் கேட்கிறார்கள் என்பதுதான் பதில் என்று எல்லாருக்கும் புரிந்தது. இரண்டு மாதத்தில் முடிகிற பயிரைக் கேட்டால் இரண்டு மாதம்தான் இருக்கப்போகிறாய். ஒன்பது மாதம், பத்து மாதம் மண்ணுக்குள் கிடக்கிற பயிரைக் கேட்டால், தோண்டி எடுக்க நீ இருப்பாய்.

சங்கத் தலைவி முதலில் எழுந்து, பெருவள்ளிக் கிழங்கு வேண்டும் என்றாள். கூட்டத்தில் ஒரு நிம்மதி. அடுத்து ஒருத்தி மரவள்ளி கேட்டாள். பிறகு இஞ்சி, தாலோ என்கிற சேப்பங்கிழங்கு, இன்னொரு மரவள்ளி. ஐந்து ஆயிற்று. துணி பாக்டரியில் தையல் வேலை செய்து, அந்த வேலையும் போய் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் மெல்லிய குரலில் காராமணி என்றாள். அங்கே அதற்குப் போரா என்று பெயர்.

"போராவா?" என்றாள் விவசாயியின் மனைவி. "ரெண்டு மாசத்துல முடிஞ்சுபோயிடுமே. அப்புறம்?"

தையல்காரி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மூட்டை கட்டிவிட்டாள் போல என்று பக்கத்தில் இருந்தவளின் காதில் நானே சொன்னேன். அவளைப் போல இன்னும் மூன்று பேர் முள்ளங்கி, கீரை, வெண்டை என்று கேட்டார்கள். அவர்களையும் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மிச்சம் இருந்தது நான்.

"ஆபீஸ்காரி, உனக்கு?"

வாயைத் திறக்கும் வரைக்கும் என்ன சொல்வது என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. கீரை என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை கண்ணும் என் மேல் இருந்தது. நாளைக்குக் கோயிலில், பஸ்ஸில், ஆபீஸில் எல்லாம், அவள் கீரை கேட்டாள் தெரியுமா என்று பேச்சுக் கிளம்பிவிடும். யாராவது ஒரு பேனாவை எடுத்துவிடுவார்கள்.

"மஞ்சள்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மஞ்சளா? இப்ப ஊனுனா தீமிதிக்குத்தான் தோண்டலாம். ஆடி மாசம் ஆயிடும்."

"தெரியும்க்கா."

"இருப்பியா?"

"நான் எங்க போறேன்?"

அவள் உள்ளே போய் முளைவிட்ட ஒரு விதை மஞ்சளைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் குந்தி உட்கார்ந்து அதை மண்ணில் ஊன்றி மூடினேன். மேல் மண்ணைத் தட்டி அழுத்தக்கூடச் செய்தேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். பின்னால் அவள் புருஷன் அவளிடம், "ஆறு" என்று சொன்னது காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் மாறிவிட்டாள். ஆபீஸ்காரி போய்த் தங்கச்சி ஆனேன். என் கூடையில் மட்டும் கீரைக்கு அடியில் ஒரு பழுத்த பப்பாளி ஒளிந்திருக்கும். உன் மஞ்சள் இலை விட்டுடுச்சு, உன் மஞ்சள் முழங்கால் உயரம் வந்துடுச்சு என்று வாரா வாரம் சேதி சொல்வாள். எனக்கு அவளுடைய பழைய வாயே தேவலை என்று இருந்தது. அந்தப் பப்பாளியை வீட்டில் அறுத்து வைப்பேன், நான் தொட மாட்டேன். பிள்ளைகள் சாப்பிடுவார்கள். அவள் அன்பாக இருக்க இருக்க அவள் மேல் எனக்கு வெறுப்புக் கூடியது. பொய் சொன்னவள் நான். நம்பினாளே என்று கோபப்பட்டதும் நான்தான்.

டிசம்பர் கழிந்தது. ஆக்லாந்துக் காகிதத்தில் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை என்று அவளே சந்தோஷமாகச் சொன்னாள்.

ஜனவரி முதல் வாரம் சங்கத் தலைவியைக் காணோம். கூடை எடுக்க ஆள் வரவில்லை. மதியத்துக்குள் சேதி வந்துவிட்டது: குடும்பத்தோடு வான்கூவர். துணையாக நிற்போம் என்று மைக்கில் அழுதவள். கொட்டகையில் எல்லாரும் அவளைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே திட்டினேன்.

"வாய் கூசாம பெருவள்ளி கேட்டாளே! போறதா இருந்தா சொல்லிட்டுப் போறதுக்கு என்னா?" என்றேன். விவசாயியின் மனைவி என் தோளைத் தொட்டு, "விடு தங்கச்சி, நீங்க அஞ்சு பேர் இருக்கீங்கல்ல" என்றாள்.

பிப்ரவரியில் இஞ்சி போனது, சிட்னிக்கு. மார்ச்சில் இரண்டு மரவள்ளியும் ஒரே வாரத்தில் போயின. அதில் ஒருத்தி முந்தின சனிக்கிழமைதான் என்னோடு நின்று இஞ்சிக்காரியைத் திட்டினாள். ஒவ்வொருத்தி போனபோதும் நான் திட்டினேன். ஏப்ரலில் தாலோக்காரியும் போனாள், எங்கள் விசாவும் வந்தது. மே மாதம் விமானம். வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டின்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அதை எனக்குச் சொன்னார்.

நான் கூடைக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தெரிந்துவிடும். ஆனால் கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது ஒரு பூசணிக்காய். மே மாத முதல் சனிக்கிழமை ஆளுக்கு ஒரு பெரிய பூசணி வைத்திருந்தாள். அறுக்காமல் வைத்தால் மூன்று மாதம் தாங்கும். எனக்கு இருந்ததோ பன்னிரண்டு நாள். வீட்டில் பாத்திரங்களையெல்லாம் கொடுத்தாகிவிட்டது, இரண்டு சட்டிதான் மிச்சம். கீரையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, பூசணியைத் தையல்காரியின் கூடையில் தூக்கி வைத்தேன். நிமிர்ந்தால் விவசாயியின் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாகற்காயைக்கூடக் கொட்டகையில் அழுகவிட்டுச் சண்டை போட்டவள் நான். பங்கை ஒரு வார்த்தை பேசாமல் விட்டுக்கொடுக்கிறவளா? அவள் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் வாசலில் கேரியர் வந்து நின்றது. உள்ளே பெட்டிகள் திறந்து கிடந்தன. மறைக்க நேரம் இல்லை. அவள் கோணிப்பை ஒன்றைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து, கழுவித் துடைத்து வைத்திருந்த என் முன்னறையில் கவிழ்த்தாள். மஞ்சள் செடிகள். இலையோடு, வேரோடு, ஓடைக்கரைச் சேற்றோடு. இன்னும் முற்றாத பிஞ்சுக் கிழங்குகள், வெளிறிப்போய், விரல் விரலாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"உன் பங்கு" என்றாள். "எடுத்துக்க. என் கேத்ல உன்னுது ஒண்ணும் இருக்கக் கூடாது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மாட்டிக்கொண்டதால் வந்த ஆத்திரம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது நியாயமாகவே இருந்தது.

"எல்லாரும்தான் போறாங்க. நான் போறது மட்டும் உனக்குக் கண்ணுல குத்துதா? உனக்கும்தான் மக இருக்கா. கூப்பிட்டாளே, போகவேண்டியதுதானே?"

"தேதி போயிடுச்சு" என்றாள். "உன் மஞ்சளைக் கணக்குல வச்சுத்தான் பேப்பரைப் பொட்டியில வச்சு மூடுனோம்."

நான் குனிந்து, தரையில் சிதறிய சேற்றை ஒதுக்கத் தொடங்கினேன்.

அவள் படியிறங்கி, திரும்பி நின்றாள். "உங்க ஆறு பேரையும் இருக்கிறவங்கன்னு நெனச்சேன். அந்தத் தையக்காரியை என்னா கேட்டேன் தெரியும்ல? எல்லாருக்கும் முன்னால கேட்டேன். அவ கையில அந்த ரெண்டு மாசத்துக்குத்தான் காசு இருந்துச்சு, அதுக்கு மேல கேக்க வெக்கப்பட்டு போரா கேட்டிருக்கா. இப்பவும் வாரா வாரம் வந்து களை எடுத்துட்டுப் போறா. கீரை கேட்டவ இருக்கா, முள்ளங்கி கேட்டவ இருக்கா. மஞ்சளும் கெழங்கும் கேட்டவங்கதான் ஒருத்தி பாக்கி இல்லாம ஓடுறீங்க."

கேரியர் போய்விட்டது. நான் கதவைச் சாத்திவிட்டு அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அதை என்ன செய்வது? சமைக்க முடியாது, கொண்டுபோக முடியாது, யாருக்குக் கொடுத்தாலும் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஒரு கிழங்கை எடுத்து ஒடித்தேன். இன்னொன்றை ஒடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, அவளைத் திட்டிக்கொண்டே, ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையையும் ஒடித்துக் குப்பைப் பையில் திணித்தேன். தரையைத் துடைத்தேன். துடைத்த இடமும் மஞ்சளாயிற்று.

லோவுவில் அவர்களுடைய குத்தகை முடிந்ததும் நிலத்துக்காரர்கள் புதுப்பிக்கவில்லை என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். ரக்கிரக்கியில் அவள் தம்பி வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்களாம், அவர் அடுத்தவர் கரும்பை வெட்டப் போகிறாராம். சொன்னவள் தையல்காரி. விலாசமும் சொன்னாள், எழுதிக்கொண்டேன். ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம், போடவில்லை. மன்னிப்புக் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

அந்த மஞ்சளை ஒடித்துப் போட்ட மறுநாள் காலை நாந்தி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்டினேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் என் உள்ளங்கையும் நகக்கண்ணும் மஞ்சள் மஞ்சளாக இருந்தன. கவுண்டரில் இருந்தவள் ஒரு ஃபிஜியப் பெண். இந்தியர் வீட்டுக் கல்யாணத்தில் மஞ்சள் பூசுவதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் கையைப் பார்த்துவிட்டு முகம் மலர, அங்கே நம்மவர்கள் பேசுகிற இந்தியிலேயே, வீட்டில் கல்யாணமா என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தி, பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தாள்.